பார்க்க வரச் சொல்லும் சட்டம்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாதது தப்புதான். அக்காவுக்கு முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. பாலு இன்னும் அந்தப் பச்சை ஸ்கூட்டரை விற்கவில்லையா? அவனைத் திருத்த உன்னால் மட்டும்தான் முடியும், விட்டுவிடாதே. இங்கே சீனாவில் குளிர் குறைந்துவிட்டது, நான் நலம்.

பெற்றோரைப் போய்ப் பார்க்கச் சொல்லிச் சீனாவில் சட்டமே போட்டிருக்கிறார்கள், பெற்றோரை மதிக்கச் சொன்ன பழைய ஞானி கன்பூசியஸ் பிறந்த மண் என்றால் சும்மாவா என்று ஒரு பக்கத்துக்கு மெச்சியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் இருப்பது உண்மை. பிரிந்து வாழும் பிள்ளைகள் வயதானவர்களை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், அல்லது நலம் விசாரிக்க வேண்டும் என்கிறது. 2013 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. அன்றைக்கே வூசி நகர நீதிமன்றம் ஒரு மகளுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தாயைப் போய்ப் பார் என்று உத்தரவு போட்டது. அதற்கு முந்தைய ஆண்டே நல்ல பிள்ளைக்கான 24 கடமைகள் என்று ஒரு புதுப் பட்டியல் வந்திருந்தது. வாராவாரம் போன் செய், இன்டர்நெட் பார்க்கக் கற்றுக்கொடு என்று போகும். நல்ல பிள்ளைகளைப் பற்றிச் சீனாவில் வழங்கும் பழைய 24 கதைகளில் ஒரு சிறுவன், கொசு பெற்றோரிடம் போகாமலிருக்கச் சட்டையில்லாமல் படுத்துத் தன் உடம்பைக் கொடுப்பான். அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். அன்புதான் அவனை அப்படிப் படுக்க வைத்தது.

என் பக்கத்து மேஜைப் பையன் ஹெனான் கிராமத்துக்காரன். ஒரே பிள்ளை. 1980லிருந்து 2015 வரை ஒரு குழந்தை போதும் என்று சொன்ன அரசு, அந்த ஒரே பிள்ளையிடம் இப்போது அம்மா அப்பா இரண்டு பேரையும் நீயே பார் என்கிறது. கிராமத்து முதியவருக்கு அரசு ஓய்வூதியம் சராசரியாக மாதம் 300 யுவான்கூட வராது. இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்றால் யார் எந்த ஊர்க்காரர் என்று அரசு வைத்திருக்கும் குடும்பப் பதிவு ஊரில் கிடக்கிறது, மருத்துவக் காப்பீடும் அதோடு ஒட்டியது. அவன் வருஷத்துக்கு ஒரு முறை, சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்குத்தான் ஊருக்குப் போகிறான். கட்டட வேலை நடக்கிற தடுப்புச் சுவர்களில் பெற்றோரைப் பேணச் சொல்லும் சுவரொட்டிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவன் அவற்றைப் பார்க்காமல் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு வலிக்கிறது, மூர்த்தி. அவனுக்கு யார் பாசம் கற்றுத்தர வேண்டும்?

1966 நவம்பரில் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் கன்பூசியஸின் ஊரான சூஃபுவுக்குப் போய்ச் சிலைகளை உடைத்து, அவர் வம்சத்துக் கல்லறைகளைத் தோண்டினார்கள். 1974இல் அவரைத் திட்டி நாடு முழுக்க இயக்கம் நடந்தது. 2011 ஜனவரியில் அவருக்கே 9.5 மீட்டர் வெண்கலச் சிலை, தியானன்மென் சதுக்கத்தை ஒட்டித் தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால்! ஏப்ரலில் ஒரு இரவில் அது வெளியிலிருந்து காணாமல் போய் உள் முற்றத்துக்குப் போய்விட்டது. ஆனால் 2013 நவம்பரில் ஷி ஜின்பிங் தானே சூஃபுவுக்குப் போனார். அப்புறம் இந்தப் பிரசாரத்துக்குத் தடையே இல்லை.

அரசே ஒழுக்கம் போதிப்பது கம்யூனிஸ்டுகள் கண்டுபிடித்ததும் இல்லை. 1934இல், அவர்களுக்கு முன் சீனாவை ஆண்ட சியாங் கை-ஷேக் நான்சாங்கில் புதுவாழ்வு இயக்கம் தொடங்கி மரியாதை, நேர்மை, வெட்க உணர்வு என்று போதித்தார். நாடு பஞ்சத்திலும் போரிலும் கிடந்தது. எச்சில் துப்பாதே, சட்டைப் பொத்தானைப் போடு என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் கன்பூசியஸ் மேல் இல்லை. அவரைப் பாதியாக வெட்டுகிறார்களே என்றுதான். பெற்றோருக்குச் சோறு போட்டால் போதுமா, நாய்க்கும் குதிரைக்கும்தான் போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வித்தியாசம் என்று கேட்டவர் அவர். சட்டத்தாலும் தண்டனையாலும் நடத்தினால் மக்கள் தப்பிக்கப் பார்ப்பார்களே தவிர வெட்கப்பட மாட்டார்கள் என்றும் சொன்னார். அவருடைய சொந்த லூ நாட்டில் அதிகாரத்தில் இருந்த ஜி காங்சி திருட்டு பெருகிவிட்டதென்று வந்து நின்றபோது, உனக்குப் பேராசை இல்லாவிட்டால், காசு கொடுத்தாலும் அவர்கள் திருட மாட்டார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இந்தப் பகுதியை எந்தச் சுவரிலும் நான் பார்க்கவில்லை. மகனுக்குச் சொன்னது மட்டும் ஊரெங்கும் ஒட்டியிருக்கிறது.

பாதியை மட்டும் எடுத்தால் எங்கே போகும் தெரியுமா? ஃபூஷுன் நகரில் மரபுப் பண்பாட்டுப் பள்ளி என்ற பெயரில், கணவன் அடித்தால் திருப்பி அடிக்காதே, விவாகரத்து கேட்காதே என்று பெண்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். வீடியோ வெளியே வந்து ஊரே கொதித்த பிறகுதான், 2017 டிசம்பரில் அரசு மூடியது.

26 கோடிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்கிறது 2020 கணக்கெடுப்பு. அவர்களுக்குத் தனிமை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. வூசித் தாய் நீதிமன்றத்துக்குப் போனதற்கு எவ்வளவு துக்கம் காரணமாயிருக்கும்! ஆனால் கட்டாயத்துக்கு வந்து உட்கார்ந்து கடிகாரம் பார்க்கிற மகளிடம் அவளுக்கு என்ன கிடைக்கும்? பையனுக்குப் பத்து நாள் கூடுதல் லீவு கொடு, கிராமத்து ஓய்வூதியத்தை உயர்த்து, காப்பீட்டை அவனோடு நகரவிடு. அவன் தானாகப் போவான், சட்டமே வேண்டாம்.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். ஒத்துக்கொள்ளாததைக் காரணத்தோடு எழுது, இந்த முறை இரண்டு பக்கமாவது. மே மாதம் சூஃபு போகலாம் என்றிருக்கிறேன், அதற்குள் உன் பதில் வந்துவிட்டால் நல்லது.

அன்புடன்,
சேகர்