இடையன்குடியிலிருந்து அம்மா

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

நீ அனுப்பிய பணம் வந்துசேர்ந்தது. அதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு மட்டும் கொடுங்கள், ஓய்வுநாள் பாடசாலைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். போனில் பேசினால் அவசரத்தில் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம ஊரில் படிப்பும் வேதமும் தனித்தனியாக வரவில்லை, மக்கா. மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841இல் வந்தபோது இங்கே தேரி மணலும் பனையும்தான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று அவரை உலகமே பேசுகிறது. எனக்கோ அவர் மனைவி எலைசா அம்மாவைத்தான் அதிகம் பேசவேண்டும் போலிருக்கும். நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த மால்ட் ஐயரின் மகள். தமிழ் பேசியே வளர்ந்தவர். 1844இல் கல்யாணமாகி இங்கே வந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட காலத்தில் அவர்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் நடத்தினார். ரேந்தை (லேஸ்) பின்னவும் கற்றுக்கொடுத்தார். எழுத்து, வேதம், கைத்தொழில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன.

அந்த வழியில் வந்தவள்தான் என் ஆச்சி. மடியில் உருண்டைத் திண்டு, அதில் நெருக்கமாகக் குத்திய ஊசிகள், சுற்றிலும் நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். விரல்கள் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க, வாய் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று சங்கீதம் சொல்லிக்கொண்டிருக்கும். வேதபுத்தகம் வாசிக்கத்தான் அவள் எழுத்துக் கூட்டப் பழகினாள். ரேஷன் கடையில் அவள் வயதுக்காரிகள் கைநாட்டு வைத்தபோது, அவள் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதில் எது வேதம் தந்தது, எது பள்ளிக்கூடம் தந்தது என்று எப்படிப் பிரிப்பாய்?

பணக்காரர் கொடுத்து நடந்த தர்மம் மட்டுமல்ல இது. உலையில் அரிசி போடுமுன் ஆச்சி ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வீட்டில் கஞ்சிக்கே இழுபறியான நாளிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். நம்ம கோவிலைக் கட்டி முடிக்கவே 1847 முதல் 1880 வரை ஆனது. கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்துக் காத்திருக்கத் தெரிந்த ஊர் இது.

இப்போது ஓய்வுநாள் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். தமிழில் ஒரு வசனத்தைத் திக்காமல் வாசிக்க முடியவில்லை. வாசிக்கக் கேட்கும்போது மனசு வலிக்கிறது. அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கப் பழக்குவது ஞாயிறு காலையில் அங்கே மட்டும்தான் நடக்கிறது. அவர்களுக்குப் புதிய ஏற்பாடும் பாட்டுப் புத்தகமும் வாங்கவேண்டும்.

அதனால் பாதியை நோட்டு, சீருடைக்கும் மீதியை ஓய்வுநாள் பாடசாலைக்கும் கொடுக்க எனக்கு ஆசை. ஆச்சி பெயரில் கல்வெட்டு வைக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். அவள் போட்ட பிடி அரிசியில் பெயர் எழுதியிருக்கவில்லை. ஜூனில் பள்ளி திறக்குமுன் உன் சம்மதத்தைச் சொல்லு. நம்ம சபை ஐயரிடம் போய்ப் பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா