பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னான். நீ சொல்லவில்லை. சரி, ஐந்து பேண்டு, சவுண்ட் ஆள், லைட் ஆள், வண்டி வாடகை, அனுமதிக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் நீ ஒருத்தியே ஓடினால் எங்களுக்குப் போன் போட நேரம் ஏது? குறையாகச் சொல்லவில்லை. அம்மா சொல்கிறாள், குறையாகத்தான்.

தம்பி அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம். கிட்டார் பையனுக்குத் தந்தி அறுந்து பாட்டு நின்றதும், நீ டிரம்ஸில் காலால் மிதிக்கிற கிக்கையும், ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்தாயே, அந்த இடத்தை அம்மா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று கேட்ட உன் அத்தைக்கும் காட்டினேன். பிளாண்டி ராக் குழுவின் டிரம்மர் கிளெம் பர்க்குக்குக் கருவி மாட்டிப் பார்த்த பிரிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாசிக்கும்போது அவருடைய இதயம் நிமிடத்துக்கு 140, 150 என்று அடித்து 190 வரை போனதைக் கண்டார்கள். கால்பந்து ஆடுகிறவனுக்கு இணை. அத்தை அதற்கு மேல் பேசவில்லை. டிரம்ஸ் வாசிக்கிறவளுக்கு நிகழ்ச்சி நடத்துகிற வேலை எதற்கு என்று மாமா ஆரம்பித்தார். அவருக்கு அமெரிக்க டிரம்மர் லெவன் ஹெல்ம் கதையைச் சொன்னேன். தொண்டையில் புற்றுநோய் வந்து, வைத்தியக் கடன் கழுத்தை நெரித்தபோது, அந்த மனிதர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே 2004 முதல் கச்சேரி நடத்தி எழுந்து நின்றார். டிரம்மரும் அவர்தான், விருந்து கொடுக்கிறவரும் அவர்தான்.

வீடியோவில் நுழைவாசல் பக்கம் ஒரு பெட்டி தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாருக்கும் இலவச இயர்பிளக், சத்தம் குறையக் காதில் வைக்கிற அடைப்பான். உன் யோசனையாம். பெருமையாக இருந்தது. இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வகுத்ததிலும் இதுதான் இருக்கிறது: சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான ஓர் இடம் வேண்டும், வருகிறவர்களுக்குக் காதுப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும். ஊரார் காதுக்கு நீ நன்றாகத்தான் பார்த்துச் செய்திருக்கிறாய். அப்புறம் கேமரா உன் பக்கம் திரும்பியது. முடியை இழுத்துக் கட்டியிருந்தாய். காது பளிச்சென்று தெரிந்தது. அதில் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கழற்றியிருப்பாய். இருக்கலாம்.

நிகழ்ச்சியில் கைப்பணம் எவ்வளவு போனது என்று கேட்க நினைத்தேன். தம்பி மழுப்புகிறான். அது கிடக்கட்டும், பணம் திரும்ப வரும்.

தொழிலாளர்களுக்காக அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100-க்கு வந்தால் கால் மணி நேரம்தான். டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்தால் 100 எல்லாம் சாதாரணம். மற்ற டிரம்மர்கள் தங்கள் பங்கை வாசித்துவிட்டு வெளியே போய் நிற்கலாம். நீ மதியம் சவுண்ட் செக்கிலிருந்து கடைசி பேண்டு இறங்கும் வரை ஸ்பீக்கர் பக்கத்திலேயே கிடக்கிறாய், நடுவில் வாசிக்கவும் செய்கிறாய். இரண்டு தொழிலும் சேர்ந்து ஒரே காதைத் தின்கின்றன.

ஃபோம் இயர்பிளக் வைத்தால் சிம்பல் தட்டின் ஓசை செத்துப்போகிறது என்பாய். உண்மைதான், அது மேல் சுருதியை அதிகமாக அடைத்துவிடும். அதனால்தான் காதுக்கு அச்செடுத்து, ஃபில்டர் வைத்து, எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிற மாதிரி செய்கிறார்கள். 15 டெசிபல் குறைந்தால்கூடப் போதும், 100 என்பது 85 ஆகிவிடும், கால் மணி நேரம் 8 மணி நேரமாகும். நான் தருகிறேன் பணம். தம்பியிடம் சொல்லாதே.

போன முறை வந்திருந்தபோது போனை வலது காதில் வைத்தாய். நீ எப்போதும் இடது. உன் ஹை-ஹாட்டும் இடது பக்கம்தான். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள், நீ திரும்பவில்லை. கூடத்தில் எல்லாரும் சிரித்தபோது நீ ஒரு நொடி தள்ளிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாதா? மிஷின் ஷெட்டை விட்டு வந்ததிலிருந்து நான் சிரிக்கிற சிரிப்புதானே அது. முதலில் சமையலறையில் குழாய் ஒழுகுவது கேட்காது. அப்புறம் "ச", "ஃப" எல்லாம் வார்த்தையிலிருந்து உதிரும். எதிரில் இருப்பவர் முணுமுணுக்கிறார் என்றுதான் தோன்றும். உன் அம்மா என்றைக்காவது முணுமுணுத்திருக்கிறாளா?

ராத்திரி அறை அமைதியானதும் காதுக்குள் கீ என்று ஓடுகிறதா? மெட்டாலிகா ராக் குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் தனக்கு அப்படி இருப்பதை வெளியில் சொன்னார். சொன்னதால் யாரும் அவரை டிரம்ஸிலிருந்து எழுப்பிவிடவில்லை. உன் பேண்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று தள்ளிப் போடாதே. காது டாக்டரிடம் போய்க் கேள்திறன் பரிசோதனை செய்துகொள். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று கேள், சத்தத்தால் வந்த சேதம் முதலில் அங்கேதான் காட்டும். போனது போனதுதான், இருப்பதைக் காக்கலாம். அடுத்த நிகழ்ச்சிக்கு முன்னாலேயே போ. அதுவரை அந்தப் பெட்டியிலிருந்தே இரண்டு எடுத்துப் போட்டுக்கொள். சிம்பல் செத்தாலும் பரவாயில்லை.

பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. விவரத்தை எழுதியே அனுப்பு, போனில் வேண்டாம். நீ சொல்வது எனக்குக் கேட்காது, நான் கேட்பது உனக்குக் கேட்காது, நடுவில் அம்மா கத்துவாள்.

அன்புடன்,
அப்பா