எலியிடம் கண்டதை எலி என்றே எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பின் நலப் பக்கத்தில் தூக்கமும் மகிழ்ச்சியும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தூக்க ஹார்மோன் எனப்படும் மெலடோனினும் மகிழ்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் செரோடோனினும் மூளையில் மட்டும் உருவாவதில்லை, உடம்பின் வேறு சுரப்பிகளிலும் உருவாகின்றன என்று எழுதியிருப்பது சரிதான். ஆனால் அதற்குக் காட்டியிருக்கும் ஆதாரம் முக்கால்வாசி எலியிடமிருந்து வந்தது. அதைக் கடைசிப் பத்தியில் போகிற போக்கில்தான் சொல்கிறார்கள். அதற்குள் எங்கள் ஊர்ப் புலனக் குழுவில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, ஆன்லைனில் மெலடோனின் மாத்திரை என்ன விலை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் எங்களுக்கு எலி புதிதல்ல. இரவெல்லாம் கூண்டில் மாட்டிக் கிடந்த எலிக்குக் காலையில் சில சமயம் கண்ணோரமும் மூக்கு நுனியும் சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். மருந்து தின்ற எலி, ரத்தம் கசிகிறது என்பார்கள். எலிமருந்தில் பலவும் ரத்தத்தை உறையவிடாத வகை என்பதால் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனாலும் பல நேரம் அது ரத்தமே இல்லை. எலியின் கண்விழிக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. ஹார்டர் என்ற சுவிஸ் மருத்துவர் 1694-இல் மானிடம் கண்டு எழுதிய சுரப்பி அது. கண்ணுக்கு வழுவழுப்புத் தரும் கொழுப்போடு போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமியையும் சுரக்கும். எலி மிரண்டாலோ நோய்வாய்ப்பட்டாலோ அது கண்ணீரோடு வழிந்துவிடும். மளிகைக் கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அதன்மேல் பிடித்தால் இளஞ்சிவப்பாக ஒளிரும். ரத்தம் அப்படி ஒளிராது. (பார்க்க ஆசைப்படுபவர்கள் வெறுங்கையால் எலியைத் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.)

இந்தச் சுரப்பியில் மெலடோனினும் இருக்கிறது. வழக்கமாக மெலடோனினைச் சுரப்பது மூளையிலுள்ள பினியல் சுரப்பி. அதை அகற்றிவிட்ட எலிகளிலும் இங்கே அது காணப்பட்டது, குடலிலும் காணப்பட்டது. கட்டுரையாளர் பிடித்துக்கொண்டது இதைத்தான். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: பினியல் போன எலியின் ரத்தத்தில், இரவானால் வழக்கமாக ஏறும் மெலடோனின் ஏறுவதில்லை. கண்ணுக்குப் பின்னாலும் குடலிலும் உருவாவது பெரும்பாலும் அந்தந்த இடத்துத் தேவைக்கே போகிறது. இருட்டிவிட்டது என்று உடம்பு முழுவதற்கும் தெரியப்படுத்துவது பினியல்தான். அப்புறம், வளர்ந்த மனிதருக்கு ஹார்டேரியன் சுரப்பியே கிடையாது!

எலி இரவில் இரை தேடும் பிராணி. அது ஓடியாடித் திரியும் அதே இரவில்தான் அதன் மெலடோனினும் உச்சத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, எலியை வைத்து இதைத் தூக்க ஹார்மோன் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்கும் சி57 என்ற கறுப்புச் சுண்டெலி வகைக்கோ, மரபணுக் குறை காரணமாகப் பினியலில் மெலடோனின் ஏறக்குறைய உருவாவதே இல்லை. அதுவும் தூங்கத்தான் செய்கிறது.

செரோடோனின் கதையும் இப்படித்தான். உடம்பிலுள்ள செரோடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில் இருக்கிறது. இத்தாலியர் எர்ஸ்பாமர் 1930-களில் அதை முதலில் கண்டதே குடலில்தான். 1948-இல் அமெரிக்காவில் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இதை வைத்துக்கொண்டு 'மகிழ்ச்சி வயிற்றில் பிறக்கிறது' என்று எழுதுவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குடலில் உருவாகும் செரோடோனின் மூளைக்குள் போக முடியாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. இரண்டு இடத்துக்கும் வெவ்வேறு மரபணு என்பதை 2003-இல் பெர்லின் ஆய்வாளர்கள் சுண்டெலியில்தான் காட்டினார்கள். குடலில் அதன் முக்கிய வேலை, உணவை நகர்த்துவது. சுண்டெலியின் பால்சுரப்பியும் சொந்தமாகச் செரோடோனின் செய்கிறது. பால் கட்டிக்கொண்டால் சுரப்பைக் குறைக்கச் சொல்வதற்கு. இதில் மகிழ்ச்சி எங்கே வந்தது?

எலி ஆய்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. பல ஆண்டுகள் உயிரியல் நடத்தியவள் நான்; எலி இல்லாமல் இதில் பாதி தெரிந்திருக்காது. தலைப்பிலேயே 'எலிகளில்' என்ற ஒரு சொல்லைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இடமில்லை என்றால் தலைப்பிலுள்ள 'அதிசயம்' என்பதை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும்.

இன்னொரு வேண்டுகோள். எங்கள் ஊரில் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார்கள். விடிய விடிய வெளிச்சத்தில் நின்றால் பினியலின் மெலடோனின் அடங்கிப்போகும். பிறகு பகலில் தூக்கம் வராமல் புரள்வார்கள். மாத்திரை தேடுவது பெரும்பாலும் இவர்கள்தான். அவர்களுக்காக ஒரு மருத்துவரிடம் கட்டுரை எழுதி வாங்கிப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் மெலடோனினைத் தொடக்கூடாது என்பதைக் கட்டம் கட்டிப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்