தீர்த்தத்தில் வாங்கின கச்சான்

கல்லடி

என்ட ரதி,

மூன்று மாதமாப் பதில் போடாதது பிழைதான், ஏசாத கா. இங்க எல்லாரும் சுகம். நீ கொண்டு போன நீலக் குடையை நான் இன்னும் மறக்கயில்ல, அது வேற கதை.

திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில எடுத்த படம் வந்தது. பேரனுக்கு முழி அப்படியே உன்டதான். ஆனா அவன்ட கைக்குள்ள கச்சான் (நிலக்கடலை) இரிக்கு. அதைக் கண்டதில இருந்து எனக்கு மனம் ஆறயில்ல.

பதினொரு மாதப் புள்ளைக்கு முன்பல்தான். கடிக்கும், அரைக்காது. பால்பல்லில கடைசிக் கடைவாய்ப்பல் வரவே இரண்டு, இரண்டரை வயசாகும். ஒழுங்கா அரைச்சு விழுங்கப் பழக இன்னும் காலம் வேணும். அதால முழுக் கச்சானும் கஜுவும் அஞ்சு வயசு மட்டும் வேண்டவே வேணாம். அவிச்ச கொண்டைக்கடலையை மசிச்சுக் குடு.

கச்சான்தான் பொல்லாதது. மூச்சுக்குழாய்க்குள்ள போனா ஈரத்தில ஊதும், அதில இரிக்கிற எண்ணெய் உள்ளுக்குப் புண்ணாக்கும். எக்ஸ்ரேயில கச்சான் தெரியாது. முதல்ல புரையேறி இருமும், மறுகா அடங்கிடும், புள்ள விளையாடும். நாலஞ்சு நாளில இருமல், ஒரு பக்க நெஞ்சில மட்டும் இழுப்பு. சளி எண்டு வீட்டில பாணி மருந்து பருக்குவாங்க. இருமல் நிண்டாலும் ஆசுபத்திரிக்குக் கொண்டு போ. "கச்சான் தின்னக்குள்ள புரையேறின" எண்டு வாயால சொல்லு. டொக்டருக்குப் பிடி கிடைக்கிறது அந்த ஒரு சொல்லிலதான்.

ரம்புட்டானைக் கொட்டையோட குடுக்காத, வழுக்கி இறங்கிடும். சதையை மட்டும் சின்னனா நறுக்கு. முந்திரிகைப்பழத்தை (திராட்சை) நீட்டுவாக்கில நாலாப் பிள. குறுக்கால வெட்டினா வட்டம் வட்டமாவே இரிக்கும், தொண்டைக்கு மூடி போட்ட மாதிரி. ஏணையில கிடத்தியும் தவழ விட்டும் ஊட்டாத, இருத்தி வைச்சு ஊட்டு.

திருவிழாக் கடையில விக்கிற மின்னுற சாமான்களுக்குள்ள பொத்தான் பற்றரி இரிக்கு. விழுங்கி உணவுக்குழாயில சிக்கினா 2 மணித்தியாலத்துக்குள்ள சதையை அரிக்கத் தொடங்கிடும். வாந்தி எடுக்க வைக்காத, உடனே கொண்டு ஓடு. பற்றரி மூடிக்கு ஸ்குரூ இல்லாத சாமானை வாங்கவே வேணாம். உடைஞ்ச பலூன் துண்டையும் அப்பவே பொறுக்கிடு.

இனி நான் சொல்றதைக் கவனமா வாசி. தொண்டையில ஏதும் சிக்கி, புள்ள உரத்து இருமினா இரும விடு, அதை விடப் பெரிய மருந்து இல்ல. அடைச்சுப் போன புள்ள கத்தாது. சத்தமே வராது, உதடு நீலம் பாயும். அப்ப கதிரையில இரு. புள்ளையைக் குப்புற முன்கையில கிடத்தி, தலை தாழ, தாடையைத் தாங்கிப் பிடி. குரல்வளையை அழுத்திப் போடாத. உள்ளங்கை அடியால ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில பலமா 5 அடி. வரயில்லயா, மல்லாத்தி நெஞ்செலும்பின்ட கீழ்ப்பாதியில 5 அழுத்து. வெளியில வரும் வரைக்கும் மாறி மாறிச் செய். பக்கத்தில நிக்கிறவங்களை 1990க்குப் போன் அடிக்கச் சொல்லு, அம்புலன்ஸ் வரும். புள்ள துவண்டு போனா தரையில கிடத்தி நெஞ்சில 30 தரம் அழுத்து, 2 தரம் மூச்சு ஊது.

ஒரு வயசு முடியாத புள்ளைட வயித்தை அமத்தவே கூடாது, ஈரல் காயப்படும். அடுத்த மாதம் அவனுக்கு ஒண்டு முடியுது, அதுக்குப் பிறகு முறை மாறும். முதுகில 5 அடி அதேதான். நெஞ்சுக்குப் பதிலா, பின்னால முழங்கால் போட்டிருந்து, தொப்புளுக்கு மேல கையைப் பொத்தி வைச்சு, உள்ளுக்கும் மேலுக்குமா 5 இழுவை.

லெட்சுமி மாமிக்கு இதை நீயே வாசிச்சுக் காட்டு. அவ வாய்க்குள்ள விரலை விட்டுத் தோண்டுவா. கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் எடுக்கலாம், தெரியாததைத் தோண்டினா இன்னும் உள்ளுக்குத்தான் போகும். மாமிட மனம் நோகாமச் சொல்லு, ஆனா சொல்லு.

மருமகளோட இருந்து ஒரு தலையணையில செய்து பழகுங்க, அடி, பிரட்டு, அழுத்து, கை தானாப் போகும் மட்டும். பழகிப்போட்டு எனக்கு எழுது. வரக்குள்ள குடையும் வரட்டும்.

உன்ட
வசந்தி