கால் கிலோவும் ஒரு கப்பும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பகுதியில் வந்த மைசூர்பாகுக் குறிப்பில் கடலை மாவு 250 கிராம், சர்க்கரை 2 கப், நெய் 2 கப் என்று அச்சாகியிருந்தது. அதன்படியே மாவை எடை போட்டும் மற்ற இரண்டையும் கப்பில் அளந்தும் கிளறினேன். மாவைக் கொட்டிய சற்று நேரத்திலேயே அது பாகு முழுவதையும் குடித்துவிட்டுக் கரண்டியோடு கட்டியாகத் திரண்டுவிட்டது. முதலில் என் கைப்பக்குவத்தைத்தான் சந்தேகித்தேன்.

பிறகு அதே கப்பில் மாவைச் சலித்து, தலை தட்டி அளந்து, தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. 250 மில்லி கொள்ளும் கப்பில் கடலை மாவு ஏறத்தாழ 100 கிராம்தான் நின்றது; சர்க்கரையோ 210 கிராமை ஒட்டி நின்றது. வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் 'மாவு ஒன்று, சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு' என்பது கொள்ளளவுக் கணக்கு. அதில் மாவை மட்டும் கிராமுக்கு மாற்றியவர், 250 மில்லி கப் என்பதால் 250 கிராம் என்று எழுதிவிட்டார் போலும். மில்லியும் கிராமும் ஒன்றாக இருப்பது தண்ணீருக்கு மட்டுமே. ஒரு கப் மாவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைக் கப் மாவு விழுந்தால் பாகு என்ன செய்யும்?

எல்லாப் பண்டத்திலும் இந்தத் தவறு வெளிப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இட்லிக்கு அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்பதைக் கப்பில் அளந்தாலும் கிலோவில் நிறுத்தாலும் மாவு கெடாது. இரண்டும் ஒரே கப்பில் ஏறக்குறைய ஒரே எடைதான் இருக்கும். மைசூர்பாகுக்கு அந்தச் சலுகை இல்லை. கப்பில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும் மாவும் சர்க்கரையும் தராசில் ஒன்றுக்கு நான்காகிவிடுகின்றன.

கடையில் படியும் ஆழாக்கும் போய்க் கிலோ வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அடுப்படியில் மட்டும் இன்னும் டம்ளர்தான் ஆள்கிறது. எடையில் வாங்கி அளவில் சமைப்பவர்களுக்கு இரண்டையும் இணைக்கும் கணக்கு சரியாகக் கிடைக்க வேண்டாமா? கப் என்ற சொல்லும் நிலையானதன்று. ரைஸ் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180 மில்லி, அமெரிக்கக் குறிப்புகளில் சுமார் 240, கடையில் விற்கும் அளவுக் கப்புகள் சில 250. எல்லாப் பொருளையும் ஒரே கப்பால் அளக்கும்வரை இதனால் கேடில்லை. ஒன்றைக் கிராமிலும் மற்றதைக் கப்பிலும் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

ஆகவே தங்கள் குறிப்புகளில் கப்பின் கொள்ளளவை ஒருமுறை குறிப்பிட்டு, மாவு வகைகளுக்கேனும் கப்போடு கிராம் அளவையும், அதை மாற்றிக் கணக்கிடாமல் தராசில் வைத்துப் பார்த்தே, தர வேண்டுகிறேன். சலிப்பதற்கு முன் அளப்பதா பின் அளப்பதா என்பதும் தேவை. அமுக்கி அளந்த மாவுக்கும் சலித்து அளந்த மாவுக்கும் கணிசமான வேறுபாடு வந்துவிடுகிறது. பெருங்காயம், மஞ்சள்தூள் போன்றவற்றுக்குத் தேக்கரண்டியே போதும்; வீட்டுத் தராசு இரண்டு கிராமைச் சரியாகக் காட்டுவதில்லை. உப்புக்கு மட்டும் கல் உப்பா தூள் உப்பா என்று சொல்லிவிடுங்கள், ஏனெனில் கற்களுக்கு இடையே காற்று நிற்பதால் ஒரே கரண்டியில் கல் உப்பு எடை குறைந்தே நிற்கும்.

தீபாவளி இதழுக்கான இனிப்புக் குறிப்புகள் அச்சேறும் முன் இதைக் கவனிப்பீர்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்.