கோடையில் டயரின் காற்றைக் குறைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடைக்கால வாகனப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான குறிப்புகளில், வெயிலில் டயர் வெடிக்காமலிருக்க வழக்கத்தைவிட நான்கைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) குறைவாகவே காற்றடிக்க வேண்டும் என்ற யோசனையும் இடம்பெற்றிருந்தது. பெட்ரோல் பங்க்குகளிலும் காலங்காலமாகச் சொல்லப்படும் இந்த யோசனை ஆபத்தானது என்பதால் இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

சூடேறினால் காற்றின் அழுத்தம் கூடும் என்பதில் ஐயமில்லை. அடைபட்ட வாயுவின் மூலக்கூறுகள் வெப்பம் ஏற ஏற விரைந்தோடி, சுவரில் முன்னிலும் பலமாகவும் அடிக்கடியும் மோதுவதால், பருமன் மாறாத வரையில் அழுத்தம் கெல்வின் அளவிலான (அதாவது, செல்சியஸுடன் 273-ஐக் கூட்டிய) வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. (பாடநூல்கள் கே-லுசாக் பெயரில் கற்பிக்கும் இந்த உறவை, அவருக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே பிரான்ஸின் கியோம் அமோன்டோன் ஆராய்ந்திருந்தார்.) எவ்வளவு உயரும் என்பதில்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். டயரின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 57 டிகிரிக்குப் போனால் வெப்பம் இரட்டிப்பானதாகத் தோன்றும். கெல்வினில் அது 300-லிருந்து 330 ஆவதுதான், அதாவது பத்து சதவீத உயர்வு. அந்தப் பத்து சதவீதத்தையும் மானி காட்டும் 32 பிஎஸ்ஐ-க்குக் கணக்கிடக் கூடாது. மானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே என்பதால், அதனுடன் 14.7-ஐக் கூட்டி, 46.7-க்குக் கணக்கிட வேண்டும். டயர் சற்று விரிவதை ஒதுக்கிவிட்டால், மானி ஏறக்குறைய 36.7 காட்டும். ஓட்டத்தில் வரும் இந்த உயர்வை எதிர்பார்த்தேதான் தயாரிப்பாளர்கள் குளிர்ந்த டயருக்குரிய அளவை நிர்ணயிக்கிறார்கள்.

காற்றைக் குறைத்தால் நேர்வது வேறு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த அசைவில் ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் சூடேறி, பிணைப்பு தளர்ந்து, பாரத்தோடு வேகமாகச் செல்லும்போது டயர் பிய்ந்துவிடுகிறது. வெயிலின்மீது பழி விழும் பல வெடிப்புகளுக்குத் தொடக்கம் இந்தக் காற்றுக் குறைவுதான். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியை நிறுத்தி, 36 காட்டுகிறதே என்று காற்றை இறக்கி 32-க்குக் கொண்டுவருவது அதைவிட மோசம்: மறுநாள் காலையில் டயர் 27 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும்போது அதில் 28 பிஎஸ்ஐ-தான் மிஞ்சியிருக்கும்.

நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் ஏறாது என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டும் மேற்சொன்ன விதிக்குக் கட்டுப்பட்டவைதான். ஈரப்பதம் இல்லாதது, கசிவு சற்று மெதுவாக இருப்பது ஆகியவை அதன் நன்மைகள். அதற்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம்.

எனவே, கோடையிலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் கண்ட அளவையே, வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு, இயன்றால் காலை வெயில் ஏறுமுன், பார்த்து நிரப்ப வேண்டும். இத்திருத்தத்தை அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
நாமக்கல்.