மண்ணடுப்புன்னா ஏழை வீடுன்னு அர்த்தம் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வேற மாநிலத்துப் பழமொழின்னு ஒரு பெட்டி போட்டிருந்தீங்க. அதுல மராத்தி பழமொழி ஒண்ணு, "வீட்டுக்கு வீடு மண்ணடுப்பு"ன்னு. கீழ விளக்கம் என்னன்னா, மராட்டிய கிராமத்து வறுமையச் சொல்லுதாம். படிச்ச உடனே பேப்பரத் தூக்கிட்டுப் போயி எங்க வீட்டுக்காரர்ட்ட காட்டுனேன், அவுக சிரிச்சுட்டு "என்கிட்ட மல்லுக்கட்டி என்ன செய்ய, பேப்பர்காரங்களுக்கு எழுதிப் போடு"ன்னுட்டாங்க. அதான் எழுதுதேன். அந்தப் பழமொழிக்கும் வறுமைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது.

நாங்க ரொம்ப காலம் பம்பாய் தாராவியில இருந்தவங்க. நம்ம ஜில்லாவுல எந்த ஊர எடுத்தாலும் அங்கன ஒரு சொந்தம் இருக்கும், தோல் பதனிடுத காலத்துல இருந்தே போன கூட்டம்லா, முழுப்பரீட்சை லீவுல தாதர் போற சாளுக்கியா எக்ஸ்பிரஸ் நிக்கிற பிளாட்பாரத்துக்குப் போயி நின்னு பாருங்க, ஊறுகா பரணியும் அல்வா பொட்டலமுமா எத்தனை குடும்பம் ஏறுதுன்னு தெரியும். எங்களுக்கு அடுத்த வீடு சாத்தாரா பக்கத்துக்காரங்க. அந்த அம்மாவ சாள் பூரா, அதான் நாங்க இருந்த வரிசை வீட்டுக் குடியிருப்பு பூரா, காக்கூன்னுதான் கூப்புடும், நம்ம சித்தி மாதிரி ஒரு மொறை. எனக்கு மராத்தி வந்ததெல்லாம் அவுக கூட குழாயடியில நின்னுதான். நம்ம 'ள' அவுக பாசையிலயும் இருக்கு, இந்தியில கெடையாது, அதனாலயோ என்னமோ நாக்கு சீக்கிரம் வளஞ்சுது.

அவுக சொல்லுதது "கரோகரி மாத்தீச்யா சுலீ". மொத 'க'வ மட்டும் கொஞ்சம் மூச்சுக் குடுத்துச் சொல்லணும். பேச்சுல வரும்போது "மாத்தீச்யாச் சுலீ"ன்னு நடுவுல ஒரு 'ச்' சேத்து அழுத்துவாங்க, நாம "தான்" போடுதோம்லா அப்படி. எல்லா வீட்டுலயும் மண்ணடுப்புதான். இத எப்ப சொல்லுவாங்கன்னா, மாமியா மருமவ சண்டை, பய பத்தாவதுல பெயிலு, அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்த இல்ல, இப்படி ஒருத்தி பொலம்புதப்ப கேட்டுக்கிட்டு இருக்கவ சொல்லுத பேச்சு அது. நம்ம ஊரு "வீட்டுக்கு வீடு வாசப்படி" இருக்குல்லா, அதேதான். அந்தக் காலத்துல பெரிய வாடா வீடா இருந்தாலும் சரி, ஓலக் குடிசையா இருந்தாலும் சரி, சமையக்கட்டுக்குள்ள போனா மண்ணடுப்புதான இருந்துருக்கும், வெளிய எவ்வளவு பவுசு இருந்தாலும் உள்ள எல்லாரும் ஒண்ணுதான்னு சொல்லுதாங்க. நீங்க போட்ட விளக்கம் அதுக்கு நேர் எதிர். இதுல இன்னொண்ணு, எங்க சாள்ல ஒரு வீட்டுலயும் மண்ணடுப்பு கெடையாது, எல்லாம் பம்ப் ஸ்டவ்வு, பொறவு காஸு. ஆனா பழமொழி மட்டும் தெனம் வாயில வரும்.

ஒரு மே மாச லீவுக்கு காக்கூ கூட அவுக ஊருக்குப் போயிருந்தோம். அவுக மாமியா சமையக்கட்டுல அந்த அடுப்ப நேர்ல பாத்தேன். வாய்ப்பக்கம் வெறகு, பெரிய குழியில இரும்புத் தவா, பக்கவாட்டுல இன்னொரு சின்னக் குழி, அதுக்கு நேரா தீ கெடையாது, உள்ளருந்து போற அனல்லயே பருப்புச் சட்டி சூடா உக்காந்துருக்கும். நம்ம கொடியடுப்பேதான், பேரு மட்டும் வேற, அவுக வைல்ங்காங்க. சோள மாவ உள்ளங்கையில தட்டித் தட்டி பெருசாக்கி தவாவுல போட்டு மேல தண்ணியத் தடவுவாங்க, தண்ணி வத்துனதும் திருப்பிப் போட்டு, கடைசியா தவாவ எறக்கி வச்சுட்டு பாக்ரிங்கிற அந்தச் சோள ரொட்டிய அடுப்பு வாயில தணலுக்கு நேரா சாச்சு நிறுத்துவாங்க பாருங்க, அப்படியே புஸ்ஸுன்னு உப்பி வரும். சமையல் முடிஞ்ச பொறவு சாணியும் மண்ணும் கரச்சு அடுப்ப மெழுகுனாங்க, முந்துன நாளு விட்ட கீறல் எல்லாம் மறஞ்சு போச்சு. அந்தக் கெழவி மெழுகிக்கிட்டே மருமவளப் பத்தி என்கிட்ட கொற சொல்லுதா, மருமவ எனக்குப் பக்கத்துல உக்காந்து சிரிக்கா. பழமொழி அங்கனயே கண்ணு முன்னால நடக்கு, யாரும் வாயத் தொறந்து சொல்லக்கூட இல்ல.

நம்ம பக்கம் மட்டும் என்னவாம், பொங்கலுக்கு மார்கழியிலயே கொளத்து மண்ணு கொண்டாந்து பொங்கக்கட்டி போட்டுக் காய வச்சு, காவியும் சுண்ணாம்பும் அடிச்சு, வாசல்ல மூணு கட்டி வச்சு பொங்குதோம். காரு நிக்கிற வீட்டு முத்தத்துலயும் அந்தக் கட்டிதான். அதப் பாத்து யாராச்சும் திருநவேலிக்காரங்க பாவம் காஸுக்கு வழியில்லன்னு எழுதுனா சும்மா இருப்பமா?

அவுகளுக்கு அடுப்ப வச்சு இன்னும் எவ்வளவோ பேச்சு இருக்கு. குடும்பத்துல இருந்து ஒருத்தன் தனியாப் போனா "வேகளி சூல்", வேற அடுப்பு போட்டுட்டான்னு அர்த்தம். வீட்டுக்கு மட்டும் இல்ல, கட்சிக்கும் அதே பேச்சுதான். ராஜ் தாக்கரே சிவசேனாவ விட்டுப் போயி 2006-ல தனிக்கட்சி தொடங்குனாருல்லா, அதுக்குப் பேரு வேகளி சூல். அவரும், சிவசேனாவுலயே இருந்த அவரு பெரியப்பா மவன் உத்தவ் தாக்கரேயும் பள்ளிக்கூடத்து இந்தி விவகாரத்துக்காக 2025 ஜூலைல ஒர்லியில ஒரே மேடையில நின்னத டிவியில பாத்தப்ப, காக்கூ இருந்தா இந்த ரெண்டு அடுப்பையும் பத்தி என்னல்லாம் பேசிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம் "சூல் ஆணி மூல்"னு ஒண்ணு, அடுப்பும் பிள்ளையும், பொம்பளைக்கு அது போதும்ங்கிற பேச்சு. சாவித்ரிபாய் புலேயும் அவுக வீட்டுக்காரர் ஜோதிராவும் புனேயில 1848-லயே பொம்பளப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொறந்த ஊர்லதான் இந்தப் பேச்சும் ஓடுது.

ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்த வாசப்படிப் பழமொழிய நம்ம ஊர்ல வாய மூட வைக்கதுக்குன்னே சில பேரு வச்சிருக்காங்க. கன்னம் வீங்கி அம்மை வீட்டுக்கு வந்து நின்ன ஒரு பிள்ளைட்ட "வீட்டுக்கு வீடு வாசப்படிதான தாயி, அனுசரிச்சுப் போ"ன்னு ஒரு பெரிய மனுசி சொன்னத என் காதால கேட்டுருக்கேன், எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. காக்கூ அப்படிச் சொல்ல மாட்டாங்க. மாத்தீச்யா சுலீன்னு சொல்லுததுக்கு முன்னாடி தன் வீட்டுச் சங்கடத்துல ஒண்ண எடுத்து முன்னால வைப்பாங்க, என் வீட்டுக்காரரு இப்படி, என் பய அப்படின்னு, அதுக்குப் பொறவுதான் பழமொழி வரும். கேக்கவளுக்கு அப்பதான மனசு ஆறும். சாள்ல ஒருத்தன் குடிச்சுட்டு வந்து பொண்டாட்டிய அடிச்சப்ப காக்கூ பழமொழியா சொன்னாங்க? சப்பாத்தி தேய்க்கிற லாட்டணத்தக் கையில எடுத்துக்கிட்டு அவன் வாசல்ல போயி நின்னாங்க, பின்னாடியே நாங்களும் போனோம். எதுக்குச் சொல்லணும் எதுக்குச் சொல்லக்கூடாதுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருந்துது. இந்த மாதிரி விசயத்தையும் ரெண்டு வரி சேத்துப் போட்டா பெட்டிக்கு ஒரு மதிப்பு இருக்கும், வெறுமன வார்த்தைக்கு வார்த்தை மாத்திப் போட்டா வறுமைதான் வரும்.

அடுத்த வாரம் சின்னதா ஒரு திருத்தம் போட்டுருங்க ஐயா, பழமொழிய அவுக சொல்லுத மாதிரியே தமிழ் எழுத்துல போட்டு, நம்ம வாசப்படியையும் பக்கத்துல வச்சா போதும். நம்ம பக்கத்துல பம்பாய்ல இருந்து திரும்பி வந்தவங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க, சந்தேகம்னா ஒரு ஆள அனுப்பிக் கேட்டா மணிக்கணக்கா சொல்லுவாங்க.

இன்னொரு மராத்தி பழமொழி வேணும்னா நானே தாரேன், "பளசாலா பானே தீன்ச்". பளஸ்னா நம்ம புரச மரம், சென்னையில புரசவாக்கத்துக்குப் பேரு குடுத்த மரம், எங்க போயி பாத்தாலும் அதுக்கு ஒரு காம்புல மூணு எலைதான். எந்த ஊருக்குப் போனாலும் ஒலகம் ஒரே மாதிரிதான் இருக்கும்னு அர்த்தம். தயவுசெஞ்சு அதுக்குக் கீழ மராட்டியத்துல காடு அழியுதுன்னு போட்டுராதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை